முகத்தை மூடிக்கொண்ட அரசன்

என் தங்கைக்கு நான் அனுப்பிய போட்டோவில் இருந்தவர் வேறு யாரோ அல்ல, எங்கள் தோட்டத்து ஆபீசின் தலைமை எழுத்தர், பெரிய கிராணியார்தான். அந்த அளவில் அது பொய் இல்லை. பினாங்கில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம் அது. பின்னால் தொங்கிய திரையில் உருண்டைத் தூண்களும் படிக்கட்டும் வரைந்திருந்தார்கள். ஒரு கையை நாற்காலியின் முதுகில் ஊன்றி, கழுத்து மூடிய கோட்டும் முறுக்கிய மீசையுமாக நின்றார். முப்பது வயதிருக்கும். நான் அதைத் தபாலில் போட்டபோது அவர் ஐம்பதைக் கடந்திருந்தார். அதை மட்டும் நான் தங்கைக்குத் தெரிவிக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. மலாயாவில் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணியாக இருந்தேன். நாகப்பட்டினத்தில் மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷும் நல்ல கையெழுத்தும் என்னிடம் இருந்தன. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். தங்கை ஊரில் சித்தப்பா வீட்டில் இருந்தாள். அவளை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டியவன் நான். கடல் கடந்து வந்தவர்களிடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. அண்ணன் இங்கிருந்து மாப்பிள்ளையின் போட்டோவை அனுப்புவான். ஊரில் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, அதன் முன்னால் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வார்கள். நிச்சயம் முடிந்தது. அதற்குப் பிறகு பெண் அந்தப் படத்துக்குச் சொந்தம். திரும்பி வந்தால் வாழாமல் வந்தவள் என்று பெயர்.

ரப்பர் விலை ஏறியிருந்தது. தோட்டத்துக்கு மேற்கே காட்டை அழித்துப் புது டிவிஷன் திறக்கப்போவதாகப் பேச்சு. அதற்கென்று ஒரு கிராணி, அவனுக்கென்று தனி வீடு. துரை யாரை நியமிப்பார் என்பது பெரிய கிராணியார் சொல்லும் ஒரு வார்த்தையில் இருந்தது. கிராணியாரின் மனைவி காய்ச்சலில் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தவன் நான்.

"எனக்கா? கிண்டலா தம்பி?" என்று சிரித்தார். "இந்த வயசுல மாப்பிள்ளைக் கோலம் போட்டா லயத்து ஆளுங்க கைகொட்டிச் சிரிப்பாங்க லா."

"அப்படியெல்லாம் இல்லண்ணே. எனக்கும் ஒங்கள விட்டா யாரு இருக்கா? தங்கச்சிக்கும் ஒரு ஆதரவு வேணும்."

சில நாள் கழித்து அவரே அந்தப் போட்டோவைக் கொண்டுவந்தார். ஒரு பழைய துணியில் சுற்றியிருந்தது.

"எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். பழசுன்னு சொல்லிடு. வயசையும் சொல்லிடு. ஒத்துக்கிட்டா சரி. இல்லாட்டி ஒண்ணும் குத்தமில்ல."

"சொல்லிடறேன்ணே."

அதே வாரத்தில்தான் துரையின் மனைவி, துரைசானி அம்மாள், என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார். ஈப்போவில் துரைமார் கிளப்பில் சில மாதம் கழித்து அவர் ஒரு பேச்சுப் பேச இருந்தார். பழங்கிரேக்கக் கதையில் வரும் ஓர் அரசனை, சிற்பிகளும் ஓவியர்களும் காலந்தோறும் எப்படிக் காட்டினார்கள் என்பது பேச்சின் பொருள். படங்கள் எல்லாம் கண்ணாடித் தகடுகளில் சீமையிலிருந்து வந்திருந்தன. விளக்குப் பெட்டியில் தகட்டைச் செருகினால் எதிரே வெள்ளைத் துணியில் பெரிதாக விழும். ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் சின்னச் சீட்டு ஒட்டி, எண்ணும் தலைப்பும் எழுதிக் கொடுப்பது என் வேலை. மாலையில் ஆபீஸ் வேலை முடிந்ததும் பங்களா வராந்தாவில் உட்கார்ந்து எழுதுவேன். எதிரே சுண்ணாம்பு மலை வெயிலில் வெளுத்துக் கிடக்கும். ரப்பர் ஸ்டோரின் புகைநாற்றம் அங்கே வராது. அது எனக்குப் பிடித்திருந்தது.

கதையை அம்மாள் அங்கேதான் சொன்னார். அரசன் டிராய் நகரத்தின் மேல் படையெடுத்துப் புறப்படுகிறான். கப்பல்கள் துறையில் அப்படியே நிற்கின்றன, காற்றில்லை. தெய்வத்துக்குக் கோபம், மகளைப் பலி கொடுத்தால் காற்று வீசும் என்று குறி சொல்கிறவன் சொல்கிறான். அரசன் வீட்டுக்குச் சேதி அனுப்புகிறான்: மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை படையிலேயே பெரிய வீரன், உடனே அனுப்பி வை. அவள் மணப்பெண்ணாக வந்து சேர்கிறாள்.

எனக்கு எதுவும் உறைக்கவில்லை. முதல்நாள்தான் போட்டோவைத் தபாலில் சேர்த்திருந்தேன். இந்தக் கதையையும் அந்தத் தபாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அப்போது என் கையெழுத்து கண்ணாடியில் சரியாக விழ வேண்டும் என்பதுதான் கவலை.

முதல் தகடு ஒரு தங்க முகமூடி. பழைய புதைகுழி ஒன்றில், இறந்தவனின் முகத்தின் மேல் கிடந்தது. மெல்லிய தகட்டில் அடித்த முகம். மூடிய கண்கள், நுனி வளைந்த மீசை, இறுகிய உதடு. தோண்டி எடுத்தவர் அது அந்த அரசனின் முகம்தான் என்று உலகத்துக்குச் சொல்லிவிட்டார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. உண்மையில் அது அவன் காலத்துக்கு மிக முந்தியது, வேறு யாருடையதோ என்றார் அம்மாள்.

சீட்டில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அரசன் பெயரையே எழுது, பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்றார். எழுதினேன்.

ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகளுக்கு முன் நெய்த ஒரு திரைச்சீலையில், அதே அரசன் வெல்வெட் அங்கியும் இரும்புக் கவசமும் அணிந்து அந்தக் காலத்து ஐரோப்பியப் பிரபு மாதிரி இருந்தான். இன்னொரு படத்தில், போர் முடிந்து வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் தூங்குகிறான். திரைக்கு இப்பால் மனைவி கையில் கத்தியோடு தயங்கி நிற்கிறாள். மகளைப் பலி கொடுத்ததற்காகத்தான். பிரெஞ்சுக்காரர் ஒருவர் தீட்டிய படத்தில் அரசன் முகத்தை மறைக்கவில்லை. கல் மாதிரி நிற்கிறான். பக்கத்தில் மகள் வெள்ளை மணக்கோலத்தில், நெஞ்சில் கை வைத்து, தரையைப் பார்க்கிறாள். ஒரு தகட்டில் இருக்கிற அரசனுக்கும் இன்னொன்றில் இருக்கிறவனுக்கும் முகச்சாயல் கிடையாது. ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த ஓர் ஆளை வரைந்து அவன் பெயரைப் போட்டிருந்தார்கள்.

எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன ஊர் ஒன்றின் வீட்டுச் சுவரில் கிடைத்த ஓவியம்தான் எனக்கு இன்றும் மறக்கவில்லை. இரண்டு ஆண்கள் அந்தப் பெண்ணைத் தூக்கி வருகிறார்கள். அவள் கைகளை மேலே விரித்திருக்கிறாள். ஓரத்தில் தகப்பன் தலையோடு துணியைப் போர்த்தி முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறான். மேலே மேகத்தில் ஒரு மான். கடைசி நேரத்தில் தெய்வம் மனமிரங்கி, பெண்ணுக்குப் பதிலாக மானை அனுப்பியது என்று சிலர் சொல்வார்களாம். சில ஓவியர்கள் மானை வரைவார்கள், சிலர் வரைய மாட்டார்கள்.

முகம் மூடியதற்கும் அம்மாள் காரணம் சொன்னார். முன்னொரு காலத்தில் ஓர் ஓவியன் சுற்றி நின்றவர்களின் துக்கத்தையெல்லாம் வரைந்து முடித்துவிட்டானாம். தகப்பன் முகத்துக்கு வந்தபோது, அந்தத் துக்கத்துக்குத் தன் தூரிகை போதாது என்று துணியை வரைந்து மூடிவிட்டானாம். பின்னால் வந்தவர்கள் அவனைப் பார்த்து மூடினார்கள்.

தங்கையின் கப்பல் பினாங்கில் சேர்ந்தது. விடுமுறை முடிந்து திரும்பிய ஒரு குடும்பம் அவளைக் கூட்டிவந்து அக்கரையில் பிறை ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டது. சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் நானும் பெரிய கிராணியாரும் காத்திருந்தோம். அவர் புது வேஷ்டி கட்டி, கோட்டுப் போட்டு, மூன்று முறை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கோட்டு தேவையில்லையோ தம்பி?" என்று கேட்டார். நான் நன்றாக இருக்கிறது என்றேன்.

தங்கை டிரங்குப் பெட்டியோடு இறங்கினாள். நான் ஊரைவிட்டு வந்தபோது பாவாடைச் சிறுமி. இப்போது என் தோளுக்கு இருந்தாள். என்னைப் பார்த்து அழுதாள், சிரித்தாள். "என்னண்ணே இப்புடிக் கறுத்துப் போயிட்டே? வெயில்லயா நின்னு வேல பாக்குறே?" என்றாள். பிறகு பெரிய கிராணியாரைப் பார்த்தாள். உடனே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அத்தனை ஜனங்களுக்கு நடுவில், அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எழுந்து என் பக்கம் ஒதுங்கி, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்:

"மாப்பிள்ளையோட அப்பாவாண்ணே? அப்புடியே மொகச்சாடை இருக்கு."

அவர் காதில் விழுந்தது. என்னைப் பார்த்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

மறுநாள் காலை, ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டு முடிந்ததும், அவர் ஆபீசில் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார்.

"சொல்லலையா நீ?"

நான் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன்.

"கேக்குறேன்ல?"

"சொல்லலண்ணே."

என் மைக்கூட்டின் மூடியை எடுத்தார், திரும்பவும் மூடினார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"சரி. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. அடுத்த கப்பல்ல பத்திரமா அனுப்பிடலாம். ஒன் டிவிஷன் பேச்சுக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடையாது. அத நான் துரைகிட்ட எப்பவோ சொல்லிட்டேன். ஒன் பேருதான்."

மான் அப்போதுதான் வந்தது. நான் அதை விரட்டினேன்.

"ஊர்ல பாக்கு மாத்திட்டாங்கண்ணே. திருப்பி அனுப்பினா அவள யாரு கட்டுவா? என்னைய நாக்கப் பிடுங்குற மாதிரி கேப்பாங்க."

அவர் மைக்கூட்டைத் தள்ளி வைத்தார். "அப்ப நீயே அந்தப் புள்ளகிட்டச் சொல்லு. உள்ளதச் சொல்லு. அது வேணாம்னா வேணாம். நான் யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்."

சாயந்திரம் தங்கை என் வீட்டு அடுக்களையில் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை எங்கயாச்சும் தூரத்துல வேல பாக்குறாங்களாண்ணே? இன்னும் கண்ணுல காட்டல."

"நேத்துப் பாத்தியே."

"யார?"

"ஸ்டேஷன்ல."

அவள் கை முறத்தில் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு கல்லை எடுத்துப் போட்டாள். இன்னொன்றை எடுத்துப் போட்டாள்.

"நான் கால்ல விழுந்தேனேண்ணே" என்றாள்.

சொன்னது அவ்வளவுதான். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அவர் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. அப்படி ஒன்று கேட்கலாம் என்று அவளுக்குத் தெரியாது. நான் வெளியே போய்க் கை கழுவினேன். பசித்தது. சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன் என்று நினைவு.

கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு வாயை மூடவில்லை.

"கிராணி ஐயா மீசைக்கு மை போட்டிருக்காருடி!"

"மழை பேஞ்சா சட்டையில எறங்கிரும் லா."

"சும்மா இருங்கடி, பொண்ணு காதுல விழப்போவுது."

பெரிய கிராணியார் மை எதுவும் போடவில்லை. மீசையை எடுத்தேவிட்டிருந்தார். அவர் குனிந்தே உட்கார்ந்திருந்ததில் அவர்களுக்கு அது தெரியவில்லை, வழக்கத்தில் கேலி செய்தார்கள். தாலி கட்டி முடிந்ததும், சுங்கை சிப்புட் டவுனிலிருந்து வந்த சீனப் போட்டோக்காரர் எங்களைக் கோயில் வாசலில் நிறுத்தினார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு கையை உயர்த்தினார். அவர் கையை இறக்கும் நேரத்தில் நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"பாவம், அண்ணங்காரரு அழுவுறாரு பாரு."

"அப்பன் இல்லாத புள்ளைக்கு அப்பனா நிக்குறாருல்ல."

நான் அழவில்லை. துண்டுக்குள் என் கண்கள் காய்ந்திருந்தன. கஞ்சிப்பசை வாசனை அடித்தது. துக்கம் இல்லை, பயம் இல்லை, வெட்கம்கூட இல்லை. ஒன்றும் இல்லாத முகம் படத்தில் விழுந்துவிடக் கூடாது என்று ஏதோ ஒன்று என் கையைத் தூக்கியது. கல்யாணத்துக்கு மூன்றாம் வாரம் ஈப்போ கிளப்பில், இருட்டில் விளக்குப் பெட்டிக்குப் பின்னால் நின்று தகடுகளை மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. சாம்பலில் புதைந்த ஊரின் சுவர்ச் சித்திரம் துணியில் பெரிதாக விழுந்தது. வரைய முடியாத துக்கம் என்று அம்மாள் சொன்னார். துரைமார்கள் கப்சிப்பென்று கேட்டார்கள். அந்த ஓவியன் தகப்பன் முகத்தை நன்றாகப் பார்த்திருப்பான், அதில் வரைவதற்கு எதுவும் இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. அம்மாள் "அடுத்தது" என்று சொன்னது என் காதில் விழவில்லை. இரண்டாம் முறை சற்று உரக்கச் சொன்னார். மாற்றினேன்.

புது டிவிஷன் எனக்குக் கிடைத்தது. வீட்டுக்கு முன்னால் இரண்டு படி, பின்னால் கிணறு. கல்யாணப் படம் ஒரே ஒரு பிரதி எடுத்து, பெண் வீட்டுக்காரன் என்று போட்டோக்காரர் என்னிடம் கொடுத்திருந்தார். படம் பதிந்த கண்ணாடித் தகட்டைக் கழுவி வேறு யாரையோ எடுத்துவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்து, தங்கைமேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று சொன்னார்கள். ஒருநாள் அதை அடுப்பில் போட்டேன். அட்டை என்பதால் எரிய நேரம் பிடித்தது.

தங்கையை அவர் நன்றாக வைத்திருந்தார். நான் இதைச் சொல்வது என் குற்றத்தைக் குறைத்துக்கொள்வதற்காக அல்ல, அது உண்மை. ஆரம்பத்தில் அவளோடு பேசவே கூச்சப்படுவார், வாசலில் செருமிவிட்டுத்தான் உள்ளே வருவார் என்று அவளே பின்னால் சொல்லியிருக்கிறாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். தோட்டத்து வேலையை விட்டு, பாகான் டத்தோவில் கொஞ்சம் தென்னை நிலம் வாங்கி, அவள் பேரிலேயே எழுதி வைத்தார். குடிபோன சில மாதங்களில், அந்த இருபதுகள் முடிவதற்குள், இறந்துபோனார். பிள்ளை இல்லை.

கருமாதிக்குப் போனேன். நடுச்சுவரில் மாலை போட்ட படம் மாட்டியிருந்தது. தூண்கள், படிக்கட்டு, நாற்காலி, முறுக்கு மீசை. நான் ஊருக்கு அனுப்பிய அதே போட்டோ. தெலுக் ஆன்சனுக்கு ஆள் அனுப்பிப் பெரிதாக்கியிருந்தாள். துக்கம் கேட்க வந்த அயல்வீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயையோ, மகனையும் பறிகொடுத்துட்டியா தாயி?"

"மகன் இல்லக்கா" என்றாள் தங்கை. "எங்க வீட்டுக்காரரு."

எல்லோரும் போன பிறகு அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் நினைத்தேன்.

"இந்தப் படத்துல இருக்கறவர எனக்குத் தெரியாதுண்ணே. வேற படம் இல்லாம இத மாட்டியிருக்கேன். எனக்குத் தெரிஞ்ச மனுசனுக்குத் தலையெல்லாம் நரை. அவரு மொகம் இப்பவே சரியா வரமாட்டேங்குது. ஒங்கிட்டக் கல்யாணப் படம் இருக்கும்ல? அத எனக்குக் குடேன்."

"எங்கயோ வச்சிருக்கேன். தேடிப் பாக்குறேன்" என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை போய் வந்தேன். ஒவ்வொரு முறையும் கேட்பாள்: "கெடைச்சுதாண்ணே?" இன்னும் தேடுகிறேன் என்பேன். ஜப்பான்காரன் வந்து போனான், வெள்ளைக்காரன் போனான், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். போன தீபாவளிக்குப் போனபோது கேட்கவில்லை. கண்ணில் புரை விழுந்துவிட்டது. "இனிமே கெடைச்சாலும் எனக்கு ஒண்ணுதாண்ணே" என்றாள். சுவரில் இருந்த இளைஞனுக்கு அன்றும் புது மாலை.

படம் இல்லை. நான்தான் எரித்தேன். இதை யாராவது அவளுக்குப் படித்துக் காட்டட்டும். நேரில் சொல்ல என்னால் ஆகவில்லை. அந்தப் படத்தில் இருந்ததை நினைவில் இருக்கிற அளவில் எழுதுகிறேன். வேறு எதையும் திருப்பிக் கொடுக்க என்னிடம் இல்லை.

தங்கச்சி, நீ நடுவில் நிற்கிறாய், தலை குனிந்து, மாலை கழுத்தை அழுத்துகிறது. உன் வலப்பக்கம் அவர். உன்னைவிடக் கொஞ்சம்தான் உயரம். நெற்றி ஏறிய தலை, காதோரம் வெள்ளை. மீசை எடுத்த இடம் மட்டும் மற்ற முகத்தைவிட வெளுத்திருக்கிறது. கோட்டின் மேல் பித்தானை மாற்றிப் போட்டிருக்கிறார். உன் மாலை அவர் கையில் உரசாமல் கையை ஒதுக்கி வைத்திருக்கிறார். உன் இடப்பக்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஒருவன். போட்டோக்காரர் கையை இறக்கிய நேரத்தில் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் காமிராவைப் பார்த்தார்கள். உன் வலப்பக்கம் நின்ற அவர் பார்க்கவில்லை. அவர் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.